முப்பது என்றால் முப்பது

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை ஓங்கிக்கொண்டு கையை நீட்டச் சொன்னபோது, "எதுக்குன்னு சொல்லுங்க சார், நீட்டுறேன்" என்று கேட்டவள் அவள். வாத்தியார் வீடு தேடி வந்து புலம்ப, "அவ ராங்கி புடிச்சவ, நீங்கதான் பாத்துக்கணும்" என்று அம்மா கையை விரித்துவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பது வயதைத் தாண்டியும் உரியவில்லை. தெருவில் ராங்கி, உறவில் ராங்கி, வேலை செய்யும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் ராங்கி மேடம். அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ராங்கிக்கு வேலை டப்பா வரைவது. துப்பாக்கிக்கு அடியில் செருகுகிறார்களே, தோட்டாக்களை அடுக்கி வைத்த பெட்டி, அதற்கு முறையான பெயர் மேகசின். தொழிற்சாலையில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, டப்பா என்றால் போதும். அம்மாவுக்கு மட்டும் மேகசின் என்று சொல்வதில் ஒரு வசதி இருந்தது. பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் "மேகசின்ல இருக்கா" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவர்களும் ராங்கி ஏதோ பத்திரிகையில் கதை எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். "உன் தொடர் எப்பம்மா வருது?" என்று கல்யாண வீட்டில் ஒரு சித்தப்பா கேட்க, "வெடிச்சா வரும் சித்தப்பா" என்றாள் ராங்கி. சித்தப்பா அதை நல்ல தலைப்பு என்று பாராட்டினார்.

அவள் படித்தது வரைபடம். முதலில் கிடைத்த வேலை, அழுத்தினால் டக்கென்று நிப்பு வெளியே வரும் பேனாவுக்கு ஸ்பிரிங் வரைவது. பேனாக் கம்பெனி படுத்துவிட, இங்கே வந்து சேர்ந்தாள். பேனாவிலிருந்து துப்பாக்கிக்கு வந்துவிட்டாயே, பாவம் இல்லையா என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "என் தம்பி ஜெயில் வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறான். அது வேலை செய்யாம அவன் செத்தா அது புண்ணியமா?" கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடிப்பார்கள்.

டப்பா என்றால் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதானே என்று யாராவது சொன்னால் போயிற்று, நிற்க வைத்து வகுப்பு எடுத்துவிடுவாள். டப்பா நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் நசுங்கிக் கிடக்கும், அப்போது அதற்கு ஆத்திரம் அதிகம். தோட்டா குறையக் குறைய நிமிர்ந்துவிடும், அப்போது சோம்பேறி. துப்பாக்கிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. முதல் தோட்டா எப்படி மேலேறி வந்ததோ அப்படியே கடைசித் தோட்டாவும் வந்து நிற்க வேண்டும். பழைய டப்பாவில் கடைசி இரண்டு மூன்று தோட்டாக்கள், மணல் பட்டால் ஏறாமல் பாதி வழியில் சாய்ந்துகொள்ளும். அந்தச் சோம்பேறித்தனத்தை ஒழிக்கிறேன் பார் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கூட்டினாள் ராங்கி. மணலில் புதைத்து எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். கடைசித் தோட்டா துள்ளிக்கொண்டு வந்தது. சோதனைக் கூடத்தில் கைதட்டினார்கள். அவளும் தலைகால் புரியாமல்தான் திரிந்தாள். மறைப்பானேன், தன் கைவேலையில் அவளுக்கு அத்தனை கர்வம்.

சிறைத்துறை அந்தப் புது டப்பாவை வாங்கப்போவதாக முடிவாயிற்று. ஆயிரக்கணக்கில் செய்து கிடங்கில் அடுக்கிவிட்டார்கள். துறையின் பெரிய அதிகாரி ஒருநாள் நேரில் வந்து, சுட்டுப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் தம்பியின் சட்டைப் பை கிழிந்தது.

அன்றைக்கு விடுமுறை. சலவைக் கடைக்கு மேலே இருக்கிற அவர்களுடைய இரண்டறை வீட்டில், கீழேயிருந்து வரும் இஸ்திரிப் புகை வாசனையோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருந்தாலும், தையல் என்றால் அம்மாவிடம்தான் வருவான். அம்மா அவனுடைய காக்கிச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தாள்.

"எத்தனை தடவைடா தைக்கிறது? எப்பப் பாரு இந்த இடது பாக்கெட்டுதான் கிழியுது. உள்ள என்னத்தைப் போட்டு வைக்கிற, கல்லா?"

"தோட்டாம்மா."

ராங்கி நிமிர்ந்தாள். "தோட்டா பாக்கெட்ல எதுக்குடா இருக்கு? டப்பாவுலல்ல இருக்கணும்?"

தம்பிக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. "முப்பது குடுப்பாங்க. இருபத்தெட்டு போடுவோம். ரெண்டு பாக்கெட்ல கிடக்கும். திருப்பிக் குடுக்கும்போது சேத்துக் குடுத்துடுவோம், கணக்கு சரியாப் போயிடும்."

"முப்பது புடிக்கிற டப்பாவுல எதுக்கு இருபத்தெட்டு?"

"எதுக்குன்னா? அப்படித்தான்க்கா. பயிற்சில சேந்த அன்னிக்கே காதோட காதா சொல்லிடுவாங்க. முழுசா போட்டா காலை வாரிடும். யாருமே போட மாட்டாங்க."

"அதெல்லாம் பழைய டப்பாவோட புத்தி. இப்ப வரப்போறது நான் வரைஞ்சது. முப்பதுன்னா முப்பது போடு."

"சரிக்கா" என்றான் தம்பி. அம்மா போனில் கேட்டால் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்வானே, அதே குரல். ராங்கிக்குச் சுருக்கென்றது. தன் டப்பாவைத் தன் தம்பியே நம்பவில்லை.

மறுநாள் காலை அவள் வரைபட அறைக்குப் போகவில்லை, நேராகச் சோதனைக் கூடத்துக்குப் போனாள். நீளமான அறை. ஒரு கோடியில் மணல் மூட்டைச் சுவர், மறு கோடியில் மேஜை, சுவரெல்லாம் கரி. அங்கே பொறுப்பாளருக்கு மீசை என்று பெயர். காவல் வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்று, அப்படியே இங்கே வந்தவர். ஆளுக்கு முன்னால் மீசை அறைக்குள் வரும் என்பதால் அந்தப் பெயர். கூட இருக்கும் மற்ற இரண்டு பேரும் பழைய காவலர்கள்தான்.

ராங்கி ஓரமாக நின்று பார்த்தாள். மீசை தோட்டாத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே, கட்டை விரலால் ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் அழுத்தினார். தட்டு காலியாகிற நேரத்தில், அவருடைய இடது கை மிச்சம் இருந்ததை அள்ளிச் சட்டைப் பையில் போட்டது. முகம் அதைப் பார்க்கவே இல்லை. டப்பாவைத் துப்பாக்கியில் மாட்டப் போனார்.

"எத்தனை போட்டீங்க?"

"முப்பது மேடம்."

"பாக்கெட்ல கையை விடுங்க."

மீசை சிரித்துக்கொண்டே கையை விட்டார். இரண்டு தோட்டாக்கள் கையோடு வந்தன. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. வாய் முப்பது என்றது, கை இருபத்தெட்டில் நின்றது. வாழ்நாள் பழக்கம், கேட்டுக்கொண்டா செய்யும். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தங்கள் பைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு அசடு வழிந்தார்கள்.

மணல் சோதனை, தண்ணீர்ச் சோதனை, கீழே போடும் சோதனை என்று அத்தனையும் நடந்திருக்கிறது. அவளுடைய டப்பாவை ஒரு தடவைகூட யாரும் முழுசாக நிரப்பிச் சுட்டதில்லை. கைதட்டியது எல்லாம் இருபத்தெட்டுக்குத்தான்.

"முப்பது போடுங்க" என்றாள்.

கடைசி இரண்டையும் அழுத்த மீசை பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியில் செருகி, உள்ளங்கையால் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். டக் என்று சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டது போலத்தான் இருந்தது. ஒரு தோட்டா சுட்டார். அந்த அதிர்வில் டப்பா கழன்று, பொத்தென்று அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. துப்பாக்கி வெறும் தடியாகக் கையில் நின்றது.

இன்னொரு டப்பா. அதுவும் விழுந்தது. மூன்றாவது நின்றது. நான்காவது விழுந்தது.

ராங்கி குனிந்து ஒன்றை எடுத்து, மேல் தோட்டாவைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைத் துப்பாக்கியில் மாட்டும்போது மேல் தோட்டா துளியாவது கீழே இறங்க வேண்டும். இறங்கினால்தான் டப்பா முழுசாக மேலே போகும், கொக்கி பிடிக்கும். இங்கே இறங்க இடமே இல்லை. முப்பதும் உள்ளே போனால் ஸ்பிரிங் சுற்றோடு சுற்று ஒட்டி இரும்புக் கட்டையாகிவிடுகிறது. அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது எது? கடைசித் தோட்டாவுக்காக அவள் கூட்டிய ஒரு சுற்று. கர்வப்பட்டாளே, அதே சுற்று.

அவமானத்தில் காது வரை சூடேறியது. யார்மேலாவது பழியைப் போட்டுவிட முடியுமா என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒருவரும் அகப்படவில்லை. "என் கைதான்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.

மேலாளர் அறைக்குப் போனாள். அவரைத் தொழிற்சாலையில் சமாளிப்பு சார் என்பார்கள். மழையில் கூரை ஒழுகினாலும், இயந்திரம் நின்றாலும், ஆள் வராவிட்டாலும், "சமாளிச்சுக்கலாம்" என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எதையும் பூசி மெழுகியே ஒரு தொழிற்சாலையை ஓட்டிவிடலாம் என்று கண்டுபிடித்தவர்.

ராங்கி சொல்லி முடிக்கிற வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்க ரெண்டு குறைச்சுத்தானே போடுறாங்க?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். பழைய டப்பாவும் இப்படித்தான். யாரும் முழுசா போடுறதில்ல, எதுவும் கழண்டு விழுறதில்ல. அப்புறம் எங்க இருக்கு பிரச்சனை?"

"முப்பதுன்னு மேல அச்சடிச்சிருக்கே சார். அதை நம்பி ஒருத்தன் முப்பது போட்டா?"

"போட மாட்டான்."

"போட்டா?"

"மேடம், கிடங்கு நிறையச் சரக்கு நிக்குது. இப்பப் போயி ஸ்பிரிங்கை மாத்தணும்னா எல்லாத்தையும் பிரிக்கணும், திரும்ப மணல்ல புதைக்கணும், திரும்பச் சுடணும். தேதி தாண்டிடும். அடுத்த தடவை பாத்துக்கலாம். இப்போதைக்குச் சமாளிச்சுக்கலாம்."

அவள் கரடியாகக் கத்தினாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார். "பெரிய அதிகாரி வர்ற அன்னிக்கு நீங்க பின்னால நின்னா போதும். பேச வேண்டியதை நான் பேசிக்கிறேன்."

சரி என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததை அவர் கவனிக்கவில்லை.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவன் டப்பாவை மாற்றச் சொல்லுவான், தனக்குத் துணை நிற்பான் என்று நினைத்துத்தான் போனாள். அவனோ முகம் வெளுத்து, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, இதை வெளிய சொல்லிடாத."

"என்னடா பேசுற? உன் உசுருக்காகத்தானே சொல்றேன்."

"எங்க உசுரு இப்ப அந்த ரெண்டு தோட்டாவுலதான் இருக்கு. முப்பது போடணும்கிறது உத்தரவு. நாங்க போடுறதில்ல, அது மேல இருக்கவங்களுக்குத் தெரியாது. நீ சொன்னீன்னா என்ன ஆகும்? டப்பாவை மாத்த மாட்டாங்க. எங்க பழக்கத்தைத்தான் மாத்துவாங்க. ஆளை நிறுத்தி, கண்ணு முன்னால முப்பதும் போடச் சொல்லுவாங்க. உத்தரவை மீறினவன்னு எங்களுக்குத் தண்டனை வேற. அதுக்கப்புறம் உன் டப்பா விழும், நான் நிப்பேன்."

வாதாட எழுந்த ராங்கி திரும்ப உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இப்படி அடிக்கடி நேர்வதில்லை.

"அடுத்த மாசம் என்னைக் கைதி வண்டிக்கு மாத்துறாங்க. காட்டு ரோட்டுல போற வண்டி. இந்தப் புது டப்பாதான் கையில இருக்கும். பேசாம இருக்கா. நாங்க ரெண்டு குறைச்சே போட்டுக்கிறோம்."

வீடு திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எரிச்சல். சொன்னாலும் அவனுக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. என்றைக்காவது ஒரு அவசரத்தில், பதற்றத்தில், ஒருவன் முப்பதும் போட்டுவிட்டுப் போய் நிற்பான். அது தம்பியாகவும் இருக்கலாம். தான் வரைந்த பொருள், உத்தரவை மீறுகிறவன் கையில்தான் ஒழுங்காக வேலை செய்யும், சொன்னபடி கேட்கிறவனைக் கொன்றுவிடும். இப்படி ஒரு பொருளை இந்தக் கையா வரைந்தது என்று அவளுக்கு அழுகையே வந்தது. பழக்கத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது, டப்பாவை மட்டும் காட்டிக்கொடுக்க வேண்டும். எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. முன்யோசனை அவள் ஜாதகத்திலேயே கிடையாது.

பெரிய அதிகாரி வந்த நாளில் சோதனைக் கூடத்தைக் கழுவி, கரிச் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அதிகாரி ஒல்லியான மனிதர். அதிகம் பேசாதவர், ஆனால் எதையும் தொட்டுப் பார்க்கிறவர். தன்னோடு ஆறு காவலர்களையும் கூட்டிவந்திருந்தார், நன்றாகச் சுடுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கிய ஆட்கள். ஆறாவதாக நின்றவன் தம்பி. அக்காவை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உறவை இருவரும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

காவலர்கள் டப்பாக்களை நிரப்பினார்கள். ஆறு இடது கைகள் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பின. அதிகாரி அப்போது சமாளிப்பு சாரின் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுட்டார்கள். ஒரு டப்பாவும் விழவில்லை, ஒரு தோட்டாவும் சிக்கவில்லை. அதிகாரி தலையாட்டினார். சமாளிப்பு சார் முகம் மலர்ந்தது. அடுத்த சுற்றுக்கு மறுபடி நிரப்பி மேஜையில் வரிசையாக வைத்தார்கள்.

ராங்கி பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தாள்.

"ஒண்ணை நான் நிரப்பட்டுமா சார்?"

சமாளிப்பு சார் குறுக்கே வர, அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "நிரப்புங்க."

ராங்கி காலி டப்பா ஒன்றை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தட்டில் முப்பது தோட்டாக்களை எண்ணி வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள். கடைசி இரண்டுக்கு நகம் வெளுத்துப்போயிற்று. நிரப்பிய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அந்த ஆறு பேருக்கும் தெரியும்.

தம்பி ஓர் அடி முன்னால் வந்தான். "நான் சுடுறேன் மேடம்."

பிறந்ததிலிருந்து அவன் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவள் டப்பாவை நீட்டினாள். அவன் மாட்டி, தட்டி, சுட்டான். டப்பா விழுந்தது.

சமாளிப்பு சார் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவசரமாகச் சிரித்தார். "சரியா மாட்டல போல சார். இது ஒண்ணு மட்டும்..."

"இன்னொண்ணு நிரப்பட்டுமா?" என்றாள் ராங்கி.

நிரப்பினாள். அதுவும் விழுந்தது.

அதிகாரி அதைக் குனிந்து எடுத்தார். ஏற்கனவே காவலர்கள் நிரப்பி வைத்திருந்த டப்பாக்களின் பக்கம் பார்வையைத் திருப்பினார். ஒன்றை எடுத்து மேல் தோட்டாவை விரலால் அழுத்திப் பார்த்தார். அது பதமாக உள்ளே இறங்கியது. விழுந்ததை அழுத்தினார். அசையவில்லை.

"இவங்க நிரப்பினது விழல. நீங்க நிரப்பினது மட்டும் விழுது" என்றார். "இவங்க நிரப்பினதுல ஒண்ணைப் பிரிச்சு எண்ணுங்க."

இதைத்தான் ராங்கி யோசிக்கவில்லை. மீசை தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இருபத்தெட்டு.

"மிச்சம் ரெண்டு?"

வரிசையில் முதலில் நின்ற காவலரின் கை, தன்னை அறியாமல் இடது பையைப் பொத்தியது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டார். தம்பி வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லிவிட்டு அத்தனை பேருக்குமான தண்டனையைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே இவனுக்குப் பொய் வராது.

"நான்தான் சார் ரெண்டு குறைச்சுப் போடச் சொன்னேன்" என்றாள் ராங்கி.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"இதை வரைஞ்சது நான். ஒரு சுத்து கூடிப்போச்சு, முழுசா நிரப்பினா நிக்காது. அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு, இவங்க உள்ள வந்ததும் ரெண்டை பாக்கெட்ல போட்டுக்கச் சொன்னேன். இது கம்பெனி முறைன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் நீங்களே ஏன் விழ வச்சுக் காட்டினீங்க?"

"பொறுக்கல" என்றாள். அவள் அன்று சொன்னதிலேயே முழு உண்மை அந்த ஒரு சொல்தான்.

அதிகாரி அவளை நெடுநேரம் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, அவர் மனதுக்குள் போய்ப் பார்த்தது யார். அந்தச் சரக்கில் ஒன்றைக்கூட வாங்க முடியாது, முப்பதும் போட்டு நிற்கிற டப்பா தயாரானதும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "ஏமாத்தப் பாத்தவங்க வரையுற எதையும் எங்க துறை இனிமே தொடாது."

வண்டிகள் போனபிறகு சமாளிப்பு சார் பாய்ந்து வந்தார். "நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தையும் சொல்லல. வாசல்லயிருந்து நான் கூடவே இருந்தேன். எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அப்ப நீங்க போயி உண்மையைச் சொல்லுங்க சார். காவலருங்க எப்பவும் ரெண்டு குறைச்சுத்தான் போடுவாங்க, எனக்கு ரொம்ப நாளாத் தெரியும், தெரிஞ்சேதான் விக்க வந்தேன்னு சொல்லுங்க. வண்டி இன்னும் முக்கு திரும்பியிருக்காது."

சமாளிப்பு சார் எதையோ மென்று விழுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சமாளிக்கத் தெரியவில்லை.

"நாளைலேருந்து வர வேண்டாம்" என்றார் கடைசியில்.

"வருவேன். அந்த ஒரு சுத்தை நான்தான் கூட்டினேன், நான்தான் எடுப்பேன். எடுத்து முடிச்சதும் நீங்க சொல்லவே வேண்டாம், நானே போயிடுவேன்."

வாயில்காவலரிடம் அவளை உள்ளே விடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ராங்கியைத் தடுக்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் தினமும் உள்ளே போனாள். சம்பளம் இல்லை, யாரும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை, அவளுடைய நாற்காலியைக்கூட யாரோ தூக்கிப்போய்விட்டார்கள். நின்றுகொண்டே வரைந்தாள். ஒரு சுற்றை எடுத்தால் கடைசித் தோட்டா மறுபடி சோம்பேறியாகும், அதனால் கம்பியை மாற்றினாள், ஸ்பிரிங் தலையில் உட்காரும் தட்டின் அடிப்பக்கத்தைக் குடைந்தாள். மீசை மணலில் புதைத்துச் சுட்டார், இந்தத் தடவை பையை வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு. முப்பதும் போட்டு, முப்பதும் சுட்டு, டப்பா நின்றது. வரைபடத்தின் மூலையில் வேறொருவர் பெயரைப் போட்டார்கள். அவள் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள், வயிறு எரியத்தான் பார்த்தாள்.

இப்போது வேறொரு பட்டறையில் பேருந்துக் கதவுகளுக்கு ஸ்பிரிங் வரைகிறாள். துப்பாக்கி வேலைக்கு இனி யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள், ஏமாற்றுக்காரி என்ற பெயர் அந்த வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. பட்டறைக்காரர் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, "ஆமா, ஏமாத்தினேன். நல்லா ஏமாத்தினேன்" என்று சொல்லிவிட்டுக் கதவின் அளவைக் கேட்டாள். அம்மாவுக்குத்தான் சங்கடம். மேகசின் போய்விட்டதால், பெண்ணுக்குக் கதை எழுத வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

தம்பி கைதி வண்டியோடு போய்க் காட்டு ரோட்டில் பல நாள் சுற்றிவிட்டு, ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கதவோரமாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினான். ராங்கி அவனைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"புது டப்பா வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எத்தனை போடுறாங்க?"

தம்பி தயங்கினான். "இருபத்தெட்டு."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்க்கா. ரெண்டு நாள்ல போற பழக்கமா அது? எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாங்க. பாக்கெட்லயே போட்டுக்கிறாங்க."

வேலையும் போய், பெயரும் கெட்டு, கடைசியில் அந்த இரண்டு தோட்டாக்கள் பைக்குள்ளேயேதான் கிடக்கின்றன. அவள் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள்.

"வண்டியில எட்டுப் பேரு. ஏழு பேரு இருபத்தெட்டு" என்றான் தம்பி, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "என்னோடதுல முப்பது."

ராங்கி அப்படியே நின்றாள்.

"பயமா இல்லையாடா?"

"பயமாத்தான் இருக்கு. தினமும் பயந்துகிட்டேதான் போடுறேன். ஆனா போடுறேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை, சத்தமாகவே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை அம்மாவிடம் சொன்னால் காலை ஒடித்துவிடுவேன் என்று அவனை மிரட்டிவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.